நாகஜோதி எட்டுப் போட்ட படலம்

திண்டுக்கல் மாவட்டத்தில் வண்டியை வேகமாக ஓட்டியவர்களுக்குச் சுவரெல்லாம் சுவரொட்டி உண்டு. மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருக்கும். மெதுவாக ஓட்டியவர்களுக்கு இதுவரை ஒரு துண்டுச்சீட்டுகூட அச்சடிக்கப்பட்டதில்லை. அந்தப் பெருங்குறையைத் தீர்க்கும் பொருட்டு, ஆத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்து நாகஜோதி மோட்டார் சைக்கிளில் எட்டுப் போட்ட வரலாறு பின்வருமாறு.

நாகஜோதிக்கு வயது நாற்பத்து மூன்று. பதினான்கு வருடமாக உள்ளூர் அங்கன்வாடியில் உதவியாளர். அரசாங்கக் காகிதத்தில்தான் உதவியாளர்; ஊர் வாயில் ஆயா. இருபத்தொன்பது வயதுப் பெண்ணை ஊரே திரண்டு ஆயா என்று கூப்பிட ஆரம்பித்தால் அவள் மனசு என்ன பாடுபடும் என்று எந்தத் துறையும் ஆய்வு நடத்தியதில்லை. அறுபத்தெட்டு வயது முடிந்து, பல்லும் பாதி போன பெருமாள்சாமிகூட வாசலில் நின்று, "ஆயா, பேரனுக்குச் சத்துமாவு வந்துருச்சா?" என்றுதான் கேட்பார். நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு மாவை அளந்து போடுவாள்.

இப்படி இருக்கையில், தை மாதம் பொங்கல் முடிந்த கையோடு ஆணை வந்தது. உதவியாளர் நாகஜோதி இனிமேல் பணியாளர். அதாவது டீச்சர். மார்ச் ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை வேலையில் சேர வேண்டும். ஆணையின் இரண்டாவது பத்தியில்தான் விஷயம் இருந்தது. மையம் இருப்பது கன்னிவாடிப் பக்கத்து மலையடிவாரக் கிராமம். பதினோரு கிலோமீட்டர். அந்த ஊருக்கு முதல் பஸ் காலை பதினொன்று இருபதுக்கு. மையத்தைத் திறக்க வேண்டியது ஒன்பதுக்கு.

மேற்பார்வையாளர் ஜெஸ்ஸி மேடம் ஒளிவுமறைவு இல்லாதவர். "நாகஜோதி, ஒன்பது மணிக்குத் தெறப்பேன்னு எழுதிக் குடுத்துருங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, லிஸ்ட்ல அடுத்த ஆள் ரெடியா இருக்காங்க" என்றார்.

"தெறப்பேன் மேடம்" என்றாள் நாகஜோதி.

"எதுல வருவீங்க?"

"பைக்குல வருவேன் மேடம்."

இந்தப் பதிலைக் கேட்டு ஜெஸ்ஸி மேடம் வியந்ததைவிட நாகஜோதிதான் அதிகம் வியந்தாள். அவள் அதுவரை பைக்கில் பின்னால் உட்கார்ந்தவள்தான், அதுவும் ஒருபக்கமாக.

பைக் இருந்தது. அவள் புருஷன் சின்னக்கண்ணுவின் நூறு சிசி வண்டி. சின்னக்கண்ணு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு அடிக்கும் லாரி டிரைவர். இருபத்திரண்டு வருட அனுபவம். மாதத்தில் இருபது நாள் அவர் பாலக்காட்டுப் பக்கம் இருப்பார், வண்டி யாரோ ஒருவரின் காதணி விழா பிளக்ஸைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும்.

போனில் கேட்டாள். சின்னக்கண்ணு வெகுநேரம் இருமினார்.

"ஏ புள்ள, இருபத்திரண்டு வருசம் லைசென்ஸ வச்சுச் சோறு திங்கிறவன் நான். லைசென்ஸ் இல்லாம என் வண்டி ரோட்டுல ஏறக்கூடாது. எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிக் காட்டு. அப்பறம் வண்டி உனக்குத்தான்."

"நெசமாவா?"

"சத்தியமா. அதுவரைக்கும் களத்துல வச்சு என்னமும் பண்ணிக்க. ரோட்டுல சக்கரம் படக்கூடாது."

சத்தியம் செய்வது சின்னக்கண்ணுவுக்குச் சுலபமாக இருந்தது. அவள் எட்டுப் போட்டு அவர் என்ன பார்க்கவா போகிறார்?

திண்டுக்கல்லில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த ராயப்பராஜ் எல்.எல்.ஆர். வாங்கிக் கொடுத்தார். கார் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். பைக்குக்கு வாய்மொழிதான்.

"அக்கா, ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. வேகமா போனா யாருக்கும் வண்டி விழாது. மெதுவா போறதுதான் வித்தை. எட்டுங்கறது மெதுவா போற பரீட்சை. கால் கீழ ஊணக்கூடாது. ஊணுனா பெயிலு."

"மெதுவா எப்பிடித் தம்பி போறது?"

"கிளட்ச்ச பாதி புடிங்க, பாதி விடுங்க."

"எந்தப் பாதிய?"

ராயப்பராஜிடம் பதினெட்டு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. "ஓட்ட ஓட்டத் தெரியும்க்கா. தரையில பெருசா ஒரு எட்டு போட்டுக்கங்க. அது மேலயே ஓட்டிப் பழகுங்க. பரீட்சை இருபத்தெட்டாந்தேதி, புதன்கிழமை."

லீப் வருடத்துப் பிப்ரவரி என்பதால் நடுவில் ஒரு நாள் உண்டு. புதன் பரீட்சை, வெள்ளி வேலை. தோற்றால் மறுபடி எட்டுப் போட ஒரு வாரம் ஆகும். அதற்குள் லிஸ்ட்டில் அடுத்த ஆள் டீச்சர் ஆகியிருப்பாள். நாகஜோதி ஆயுசுக்கும் ஆயா. கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் நாகஜோதி சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டி, தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, வண்டியை உருட்டிக்கொண்டு ஊர்ப் பொதுக் களத்துக்குப் போனாள். நெல்லும் சோளமும் காயப்போடுகிற சிமெண்ட் களம். எட்டுப் போட வேண்டும். சுண்ணாம்பு இல்லை. கோலப்பொடி இருந்தது.

தவறு நடந்தது இங்கேதான்.

நாகஜோதி சிக்குக்கோலத்தில் ஊருக்குள் பெரிய கை. பொங்கலுக்குப் பொங்கல் நடக்கும் கோலப்போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து முதல் பரிசு. வீட்டில் மூன்று பிளாஸ்டிக் குடம் சாட்சி இருக்கிறது. அப்பேர்ப்பட்டவள் கையில் பொடியையும் கொடுத்து, காலடியில் காலிக் களத்தையும் கொடுத்தால் வெறும் எட்டோடு நிறுத்துவாளா? வெள்ளிக்கிழமை வேறு. எட்டை வரைந்தாள். எட்டு மொட்டையாகத் தெரிந்தது. மேல் வட்டத்துக்குள் ஒரு தாமரை போட்டாள். கீழ் வட்டம் கோபித்துக்கொள்ளும் என்று அதற்குள்ளும் ஒன்று. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு குத்துவிளக்கு. சுற்றிலும் காவிக்கரை. இந்தியாவில் ஓட்டுநர் உரிமத்துக்காகப் போடப்பட்ட எட்டுகளில் மங்களகரமானது அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வண்டியில் ஏறினாள்.

வண்டி கிளம்பியது. முன் சக்கரம் கோலத்தை நெருங்கியது. நாகஜோதியின் கை அவளைக் கேட்காமலேயே பிரேக்கைப் பிடித்தது. கால் தரையில் ஊன்றியது. மறுபடி கிளம்பினாள். மறுபடி அதே இடம், அதே பிரேக். பதினோரு முறை கிளம்பி, பதினோரு முறையும் கோலத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள்.

களத்தின் மறுகோடியில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்த அவளுடைய ஓரகத்தி சுந்தரம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னக்கண்ணுவின் அண்ணன் பெண்டாட்டி. வாய்க்கு ஓய்வு கொடுத்து அறியாதவள்.

"என்னடி ஜோதி, கோலத்துக்குக் காவல் நிக்கிறியா?"

"மிதிக்க மனசு வரமாட்டேங்குதுக்கா."

"பைக்கு மிதிக்கப் போகுது. நீயா மிதிக்கிற?"

"நான்தானக்கா அதும் மேல ஒக்காந்துருக்கேன்?"

சுந்தரம்மாளாலும் அந்தத் தாமரையின் மேல் சக்கரம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் உண்மை. இருவரும் செத்த நேரம் கோலத்தைப் பார்த்தார்கள். "நல்லாத்தான்டி வந்துருக்கு" என்றாள் சுந்தரம்மாள். அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது.

அடுத்த நாள் கரிக்கட்டையால் ஒரு எட்டுக் கிறுக்கினாள். கரிக்கு மரியாதை கிடையாது, மிதிக்கலாம். ஆனால் இப்போது வேறு வம்பு. கோட்டின் மேல் ஓட்ட வேண்டுமே என்று கோட்டையே குனிந்து பார்த்தாள். தலை எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போனது. கால் வட்டம் போவதற்குள் சாய்ந்து, கால் ஊன்றி, ஒருமுறை வண்டியோடு சேர்ந்து சோளத்துக்குள்ளேயே படுத்தாள்.

ராயப்பராஜுக்குப் போன் போட்டாள்.

"கீழ பாக்காதீங்கக்கா. கீழ பாத்தா கீழதான் போவீங்க."

"பின்ன கோட்ட யாரு தம்பி பாக்குறது?"

"பாக்காமயே அது மேல போவணும்க்கா."

இது ஏதோ சித்தர் வாக்கு மாதிரி இருந்தது. நாகஜோதி போனை வைத்துவிட்டு முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டாள்.

இரண்டு வாரம் இப்படியே போனது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சின்னக்கண்ணு லோடு இறக்கிவிட்டு ஊருக்கு வந்தார். பெண்டாட்டியின் முழங்கையைப் பார்த்தார். வண்டியின் இண்டிகேட்டரைப் பார்த்தார். இரண்டில் எதற்கு முதலில் வருத்தப்படுவது என்று தெரியாமல், "எட்டுல என்ன புள்ள இருக்கு? வா, காட்டுறேன்" என்று களத்துக்குக் கிளம்பினார்.

இருபத்திரண்டு வருட அனுபவம் வண்டியில் ஏறி அமர்ந்தது. கொண்டை ஊசி வளைவில் பதினாறு டன் தக்காளியைத் திருப்பிய கை ஹாண்டில்பாரைப் பிடித்தது. மேல் வட்டத்தைக் கம்பீரமாகச் சுற்றினார். கீழ் வட்டத்தில் பாதியில் வண்டி ஆடியது. ஆடிய வண்டியைத் திட்டினார். கால் ஊன்றினார்.

"பெயிலு!" என்றாள் சுந்தரம்மாள் சோளத்துக்கு நடுவிலிருந்து.

"களம் சரியில்ல மதினி. சரிவா இருக்கு."

"ஆமா கொழுந்தனாரே. காலையில வரைக்கும் மட்டமாத்தான் இருந்துச்சு. நீங்க ஏறுனதும் சரிஞ்சுருச்சு."

சின்னக்கண்ணு இன்னும் நான்கு முறை போட்டார். நான்கு முறையும் களம் சரிந்தது. கடைசியில் இறங்கி, சாவியை நாகஜோதியிடம் கொடுத்துவிட்டு, "லாரில எட்டு கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்று மாலைதான் நாகஜோதிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. இவராலேயே முடியாதது தன்னால் முடியுமா? வேறு யாராவதாக இருந்தால் ஜெஸ்ஸி மேடத்துக்குப் போன் போட்டு, முடியாது என்று சொல்லியிருப்பார்கள். அவளும் போனை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் பெருமாள்சாமி, "ஆயா, நாளைக்கு முட்டை உண்டா?" என்றார். நாகஜோதி போனை வைத்துவிட்டாள். தமிழ்நாட்டின் குழந்தைகள் நலனுக்குப் பெருமாள்சாமி செய்த ஒரே தொண்டு இது. அவருக்கே தெரியாது.

மறுநாள் காலை களத்துக்குப் போனால், இடமே இல்லை. சுந்தரம்மாள் காய்ந்த மக்காச்சோளத்தை மூட்டை பிடிப்பதற்காக நட்ட நடுவில் இரண்டு பெரிய குவியலாகக் குவித்து வைத்திருந்தாள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற இடைவெளி.

"அக்கா, இத ஓரமா ஒதுக்கக்கூடாதா? எங்கிட்டு ஓட்டுறது நான்?"

"ஒதுக்கணும்னா நீ ஒதுக்கு. எனக்கு இடுப்பு ஏலாது. இல்லாட்டி சுத்திக்கிட்டுப் போ. ஒரு மணி செதறுச்சு, தொலைச்சுப்புடுவேன்."

நாகஜோதி இடுப்பில் கைவைத்து இரண்டு குவியலையும் முறைத்தாள். முறைக்க முறைக்க அவை குவியலாகத் தெரியவில்லை. புள்ளியாகத் தெரிந்தன. இரண்டு புள்ளி.

இரண்டு புள்ளிச் சிக்குக்கோலம் என்பது கோலங்களில் ஒன்றாம் வகுப்பு. ஒரு புள்ளியைச் சுற்றி, குறுக்கே வந்து, அடுத்த புள்ளியைச் சுற்றி, மறுபடி குறுக்கே வந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டும். நாகஜோதி அதை ஏழு வயதில் போட்டாள். அது எட்டுத்தான் என்று முப்பத்தாறு வருடமாக அவளுக்கு உறைக்கவே இல்லை.

கோலம் போடுகிறவள் விழுகிற பொடியைப் பார்ப்பாளா? மாட்டாள். கண் அடுத்த புள்ளியில் இருக்கும். கை தானாக வரும். பொடியை மொத்தமாகக் கொட்டுவாளா? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்தால் பொடி விழாது, விட்டால் கொட்டிவிடும், பிடித்தும் பிடிக்காமலும் இருந்தால்தான் இழை மெல்லிசாக இறங்கும். ராயப்பராஜ் சொன்ன பாதி எந்தப் பாதி என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. இத்தனை நாளும் அவள் கோலத்தின் மேல் ஓட்டப் பார்த்தாள். இப்போது கோலம் போடுகிறவளே அவள்தான்.

வண்டியைக் கிளப்பினாள். கிளட்ச்சைப் பொடி மாதிரிப் பிடித்தாள். பின் பிரேக்கில் காலை லேசாக வைத்துக்கொண்டாள். கண்ணை முதல் குவியலில் வைத்தாள். அதைத் தாண்டியதும் தலையைத் திருப்பி இரண்டாவது குவியலில் வைத்தாள். வண்டி அவள் பார்த்த பக்கம் திரும்பியது. ஓர் எருமை மாடு யோசனையோடு நடக்கிற வேகம். முதல் சுற்றில் ஒருமுறை கால் இறங்கியது. இரண்டாவது சுற்றில் இறங்கவில்லை. ஏழாவது சுற்றில் சுந்தரம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏடி! ஒரு மணி செதறலடி!"

அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு மணி நேரம். சனிக்கிழமை சோளம் எடுக்க வியாபாரி வந்தபோது, சுந்தரம்மாள் மற்ற மூட்டைகளை ஏற்றிவிட்டு அந்த இரண்டு குவியலுக்கும் குறுக்கே நின்றாள்.

"இது ரெண்டும் பரீட்சைக்குப் படிக்குது. புதன்கிழமைக்கு மேல வாங்க."

வியாபாரி நாற்பது வருடமாகத் தானியம் வாங்குகிறவர். இப்படி ஒரு காரணத்தை அவர் கேட்டதே இல்லை. ஏற்றிய மூட்டைகளோடு போய்விட்டார்.

புதன்கிழமை சின்னக்கண்ணு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவள் தோற்றதும் ஆறுதல் சொல்ல ஆள் வேண்டுமே என்ற நல்லெண்ணம். ஆறுதலுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பாக்கெட் நேந்திரம் சிப்ஸும் வாங்கி வந்திருந்தார். வண்டியை அவர் ஓட்ட, பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து நாகஜோதி திண்டுக்கல்லுக்குப் போனாள்.

திடலில் மஞ்சள் பெயிண்டால் எட்டுப் போட்டிருந்தது. ஊர்ப்பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கப்படும் அதிகாரி, நிழலில் பரீட்சை அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். நாகஜோதிக்கு முன்னால் பதினேழு பேர். வரும்போது திடலே அதிர வந்தவர்கள்தான் எட்டில் முதலில் கால் ஊன்றினார்கள். ஆறு பேர் பெயில்.

"அடுத்து, நாகஜோதி."

"அக்கா, பயப்படாதீங்க" என்றார் ராயப்பராஜ். அவர் முகத்தைப் பார்த்தால்தான் பயமாக இருந்தது.

நாகஜோதி செருப்போடுதான் ஏறினாள். பெயிண்ட் பெயிண்ட்தான், மஞ்சளாக இருந்ததால் ஒரு கணம் யோசித்தாள், அவ்வளவே. சோளக் குவியல் இல்லாத இடத்தில் மனசால் இரண்டு குவியலைக் குவித்தாள். கிளட்ச்சை மெல்லிசாக இறக்கினாள்.

வண்டி நகர்ந்தது. அத்தனை மெதுவாக ஒரு வண்டி அந்தத் திடலில் ஓடி யாரும் பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்களில் ஒருவர் கொட்டாவியைத் தொடங்கி முடித்தார். அவள் முதல் வட்டத்தை முடிக்கவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். கால் பிரேக்கிலேயே இருந்தது. இரண்டாவது வட்டத்தில் முக்கால்வாசி வந்ததும், "சரிம்மா, போதும்" என்றார்.

நாகஜோதி நிற்கவில்லை.

"போதும்மா! நிறுத்துங்க!"

நிற்கவில்லை. ராயப்பராஜ் தலையில் கைவைத்தார். சின்னக்கண்ணு சிப்ஸ் பாக்கெட்டை இறுக்கியதில் அது வெடித்தது. நாகஜோதி மிச்சமிருந்த கால்வாசி வட்டத்தையும் அதே எருமை நடையில் வந்து, முன் சக்கரம் கிளம்பிய இடத்தில் சரியாகப் பொருந்திய பிறகுதான் நிறுத்தினாள்.

"போதும்னு சொன்னேன்ல? காது கேக்கலையா?"

"கேட்டுச்சு சார். பாதியில விட்டா ஆகாது. தொடங்குன எடத்துல சேரணும்."

அதிகாரி அட்டையில் குனிந்து எழுதினார்.

"பாஸ். ஆனா நீங்க எறங்குங்க. இன்னும் இருவது பேர் இருக்காங்க."

சின்னக்கண்ணு வெடித்த பாக்கெட்டை நீட்டினார். ஆறுதலுக்கு வாங்கிய சிப்ஸ் வெற்றிக்கும் நன்றாகவே இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று, ஆள் பார்க்காத நேரத்தில் காலால் தரையில் சரிவு இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். இல்லை.

உரிமம் மறுநாள் மாலையே போனுக்கு வந்துவிட்டது. சின்னக்கண்ணு சொன்ன சொல் தவறாமல், பெட்ரோல் நிரப்பி, டயரில் காற்றுப் பார்த்து, சாவியைக் கொடுத்துவிட்டு லோடுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நாகஜோதி புதுச் சேலை கட்டி, ஹெல்மெட் மாட்டி, வண்டியைத் தார்ச்சாலையில் ஏற்றினாள். முதல் கியர் போட்டாள். வண்டி கிளம்பியது. அதற்கு அடுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு மாதமாக அவள் கற்றது எட்டு மட்டும்தான். எட்டுக்கு முதல் கியர் போதும். இரண்டாவது கியர் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறாள், போட்டதில்லை. நேராக ஓட்டியதும் இல்லை. ராயப்பராஜ் கேட்கவில்லை, அதிகாரி கேட்கவில்லை, அரசாங்கமும் கேட்கவில்லை. இப்போது எதிரே பதினோரு கிலோமீட்டர் நேர்ச்சாலை. மணி ஏழு பத்து.

இறங்கி வீட்டுக்குப் போய், புருஷனுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். கேட்டால் சிரிப்பார்; ஒரு மணி நேரம் சிரிப்பார். அவ்வளவு நேரம் அவளிடம் இல்லை. நாகஜோதி முதல் கியரிலேயே போனாள்.

வண்டி உறுமியது. சத்தத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. தென்னந்தோப்புகள் ஒவ்வொன்றாக, மரம் எண்ணிவிட்டுப் போகலாம் என்கிற மாதிரி கடந்தன. பூ மூட்டை ஏற்றிய மொபெட் முந்தியது. பள்ளிக்கூடத்துச் சைக்கிள்கள் முந்தின. ஒரு வெள்ளாடு கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்து, சலித்துப்போய் நின்றுவிட்டது. நடுவழியில் எஞ்சின் கொதித்தது. டீக்கடையில் நிறுத்தி, அது ஆறும்வரை ஒரு டீ குடித்தாள். டீக்கடைக்காரர், "வண்டியில எதும் ரிப்பேராம்மா?" என்றார். "இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆறியதும் மறுபடி முதல் கியர்.

எட்டு ஐம்பதுக்கு மையத்து வாசலில் நின்றாள். பூட்டைத் திறந்து, பதிவேட்டை எடுத்து, பணியாளர் என்ற கட்டத்துக்கு எதிரே கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 8.50 என்று எழுதினாள்.

ஒன்பது அடிக்கும்போது பானுப்ரியா என்ற பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். வாசலில் இன்னும் சூடு ஆறாத வண்டியையும் ஹெல்மெட்டையும் பார்த்தாள்.

"டீச்சர், ஆத்தூர்ப் பக்கத்துல இருந்தா வாரீங்க? அம்புட்டுத் தூரமும் பைக்குலயா?"

டீச்சர் என்ற சொல் முதலில் காதில் விழுந்தது. கேள்வி கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. நாகஜோதி பிள்ளையை வாங்கி இறக்கிவிட்டுச் சொன்னாள்:

"ஆமாப்பா. நடந்து வந்தா லேட்டாயிரும்ல?"